கடல் அங்கேயேதான் இருக்கிறதா?

நைனா,

இதை நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் போன வாரம் பொதட்டூர்பேட்டைக்கு வந்தேன். நீ பவர்லூம் சத்தத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, "இன்னாம்மா, காதுல விழல" என்றாய். வெளியே வா என்று கூப்பிட்டேன். வந்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் நூல் அறுந்துவிட்டது என்று உள்ளே ஓடிவிட்டாய். உன் தறியில் அத்தனை நூல் அறுந்தால் நீ ஒரு லுங்கிகூட நெய்திருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். அம்மையார்குப்பத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிழித்துப் போடுவதானாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

நடந்தது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் நீ ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பது போல் இல்லாமல் நடந்தபடியே ஒரு முறை எழுதி வைக்கிறேன். போன அமாவாசையன்று உன் பெண்டாட்டி கஸ்தூரி தனியாக மெட்ராஸுக்குப் போய்விட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பி வந்தாள். உன்னிடம் திருத்தணி கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். நூல் வாங்க மெட்ராஸ் போயிருந்த உன் கூட்டாளி அவளைக் கடற்கரையில் பார்த்துவிட்டு வந்து உன் காதில் போட்டான். யாரோடு போனாய், யாரைப் பார்க்கப் போனாய் என்று கேட்டாய். யாரோடும் போகவில்லை, யாரையும் பார்க்கவில்லை என்றாள். உண்மை அவ்வளவுதான். அது உனக்குப் போதவில்லை. மறுநாளே அவளை அம்மையார்குப்பத்தில் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டாய். திருத்தணி மலைமேல் சன்னிதியில் சூடம் அடித்து, இனிமேல் தனியாக எங்கேயும் போக மாட்டேன் என்று சத்தியம் பண்ணினால்தான் அழைத்துக்கொள்வேன் என்று அவள் அப்பா எதிரில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.

அவளைப் போய்ப் பார்த்தேன். அவள் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெலுங்கு பேசுகிற வீடு. அமாவாசையன்று வாசற்படி தாண்டிப் பயணம் போகக் கூடாது என்கிறவர்கள். மகள் மெட்ராஸ் போனதைவிட அமாவாசையில் போனாளே என்பதுதான் அவருக்குப் பெரிய துக்கம். கஸ்தூரி அழவில்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். "அத்தே, பொய் சொன்னது தப்பு. அதுக்கு அவர் காலுல உழச் சொன்னாலும் உழறேன். சூடம் மட்டும் அடிக்க மாட்டேன். அடிச்சிட்டு, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் நான் போயிடுவேன். அப்போ சாமிகிட்ட பொய் சொன்னவளாயிடுவேன். அந்தப் பாவத்த என் தலையில கட்டாதீங்க."

நம் பக்கத்தில் சூடம் என்றால் என்ன என்பது உனக்குத் தெரியாததல்ல. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் போலீசும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. மீறினால் கண் போகும் என்று பயப்படுகிற ஜனம் நாம். அவள் அந்தப் பயத்தோடுதான் முடியாது என்கிறாள். சும்மா சரி என்று சொல்லி அடித்துவிட்டு வந்து உன்னை ஏமாற்றியிருக்கலாம் இல்லையா? அவள் அப்படிச் செய்யவில்லை. அதை நீ கவனித்தாயா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள். அன்றைக்கு அவளை ரயில் ஏற்றிவிட்டவள் நான். காலையில் திருத்தணியில் என் வீட்டுக்கு வந்து, "அத்தே, ஒரே ஒரு நாள்" என்று நின்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. சீக்கிரம் கிளம்பு, பாசஞ்சர் வந்துவிடும் என்று நானே கூட்டிப்போய் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். ஆகவே உன் கோபத்தில் பாதியை எனக்கு அனுப்பு. வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஏன் புரிந்தது என்று கேட்பாய். உனக்கு நாலு வயது முடியாத காலம் அது. உன் பெரியப்பா வீட்டோடு ஒன்றாக இருந்தோம். உன் அப்பாவும் பெரியப்பாவும் தறியில், நானும் பெரியம்மாவும் ராட்டையில். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் நூல்தான். அமாவாசை ஒன்றுதான் தறியில் கால் வைக்காத நாள். தெரு முழுக்கச் சத்தம் நின்று போய், காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். ஆண்கள் தலைக்குக் குளித்துவிட்டு மலைக்கோ, பஜாருக்கோ, சினிமாவுக்கோ போவார்கள். எங்களுக்கு வடை பாயசம் என்று அடுப்படி வேலை இரட்டிப்பாகும். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் மெட்ராஸ் போயிருந்தோம். ஒரு கூட்டமாகப் பஸ்ஸில் போகும்போது யாரோ, "அதோ பாரு கடலு" என்றார்கள். நான் திரும்புவதற்குள் பெரியம்மா மடியிலிருந்த நீ வாந்தி எடுத்தாய். உன்னைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் கடல் போய்விட்டது. கட்டடங்களுக்கு நடுவே நீலமாக ஒரு துண்டு பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா என்றுகூடத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு ராட்டை சுற்றும்போதெல்லாம் அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. உனக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அது வயிற்றுப் பசி மாதிரி இருந்தது.

ஒரு அமாவாசையில், அரக்கோணத்தில் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மெட்ராஸுக்கே டிக்கெட் எடுத்தேன். அரக்கோணத்தில் ரயில் நின்றபோது இறங்கிவிடலாமா என்று எழுந்து கதவு வரைக்கும் போனேன். ஒரு அம்மா மூட்டையோடு ஏறி, "உள்ள போம்மே, வழியில நின்னுகினு" என்று தள்ளினாள். உள்ளே வந்து உட்கார்ந்தேன். அவள் தள்ளாமல் இருந்திருந்தால் என் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

சென்ட்ரலில் இறங்கியதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தனை ஜனம். கொஞ்ச நேரம் ஒரு தூணோரம் நின்றேன். நம் ஊரில் வீட்டிலிருந்து பஜார் போவதற்குள் எத்தனை பேர், எங்கே போறே, எதுக்குப் போறே, அவர் வந்துட்டாரா என்று கேட்பார்கள்! அங்கே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. இடித்துக்கொண்டு போனார்கள், ஆனால் கேட்கவில்லை. முதலில் பயமாக இருந்தது. பிறகு, தலையில் சுமந்துவந்த விறகுக் கட்டை யாரோ பின்னாலிருந்து இறக்கிவிட்ட மாதிரி கழுத்து லேசானது. நான் இன்னார் மகள் இல்லை, இன்னார் மருமகள் இல்லை. சிவப்புப் புடவை கட்டிய யாரோ ஒருத்தி. அந்த யாரோ ஒருத்தியை எனக்கு மிகவும் பிடித்திருந்தது நைனா.

நடந்தேன். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம், கிளிக்கூண்டு, கண்ணாடி வளையல் என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்தேன். வா போகலாம் என்று கையைப் பிடித்து இழுக்க ஆளில்லை. பிடித்ததைப் பிடித்த மட்டும் பார்த்தேன். மவுண்ட் ரோட்டில் உயரமான கட்டடத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து மாடிகளை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வந்தது. ஒரு மர நிழலில் ரிக்ஷாக்காரர் ஒருவர் கட்டம் போட்ட லுங்கியோடு ரிக்ஷாவிலேயே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். லுங்கியை நான் மடித்து அடுக்கித்தான் பார்த்திருக்கிறேன். அதைக் கட்டிக்கொண்டு அசந்து தூங்குகிற மனிதரை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

பசித்தது. ஒரு ஓட்டலில் ஏறினேன். சர்வர் என் பின்னால் எட்டிப் பார்த்தார், கூட யாராவது வருகிறார்களா என்று. "பேமிலி ரூம் உள்ள கீதும்மா. எத்தினி பேரு?" என்றார். நான் மட்டும்தான் என்றேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, சரி, உட்காருங்க என்று பேமிலி ரூமிலேயே உட்கார வைத்தார். அந்தக் குடும்பத்தில் நான் ஒருத்திதான். என்ன வேண்டும் என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. கடைசியில் பூரி சொன்னேன். உப்பிக்கொண்டு சூடாக வந்தது. வீட்டில் நான் சாப்பிட உட்காருகிறபோது எதுவும் சூடாக இருந்ததில்லை. பழக்கதோஷத்தில் ஒரு பூரியை உனக்கு என்று ஒதுக்கி வைத்தேன். பிறகு அதையும் நானே சாப்பிட்டேன். குற்றமாகத் தோன்றவில்லை. அதைத்தான் பிறகு பல நாள் ஆச்சரியமாக நினைத்துக்கொண்டேன்.

கடைசியாகக் கடல். அதைப் பற்றி எனக்கு எழுத வராது. மணலில் நடந்து, அலை காலைத் தொடுகிற இடம் வரைக்கும் போய் நின்றேன். அப்படியே எவ்வளவு நேரம் நின்றேனோ. அமாவாசை என்பதால், செத்துப்போனவர்களுக்குக் காலையில் வந்து திதி கொடுத்துவிட்டுப் போனவர்களின் எள்ளும் தர்ப்பையும் கரையில் கிடந்தன. திடீரென்று என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். சுண்டல் கூடையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண்.

"யாரு போயிட்டாங்க?" என்றாள்.

"யாரும் போகலக்கா. நான்தான் வந்துகீறேன்."

அவள் கையை விடவில்லை. என் கழுத்தைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள். "புருஷன் கீறாரு. புள்ள குட்டி?"

"ஒரு புள்ள."

"அப்புறம் இன்னாத்துக்கும்மே தண்ணிகிட்ட வந்து இப்டி நிக்கிறே? அடிச்சாரா?"

"இல்லக்கா. பாத்துகினு நிக்கிறேன்."

"இன்னாத்த?"

"கடல."

அவளும் ஒரு தடவை கடலைத் திரும்பிப் பார்த்தாள், அங்கே புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்பதுபோல். பிறகு கையை விட்டுவிட்டு, "இதப் பாக்கவா ஊர்ல இருந்து வந்தே? பைத்தியம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனாலும் நான் கிளம்புகிற வரைக்கும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு என்மேல் ஒரு கண் வைத்திருந்தாள். பெண்பிள்ளை தனியாக நின்றால் சாகத்தான் வந்திருப்பாள், இல்லாவிட்டால் கெட்டுப்போக வந்திருப்பாள் என்று உலகத்துக்கு இரண்டே கணக்குதான் தெரியும். அந்த அக்காவுக்கு முதல் கணக்கு தோன்றியது, உனக்கு இரண்டாவது. அவள் கையைப் பிடித்தாவது கேட்டாள்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாரிமுனையில் ஒருத்தன் கொஞ்ச தூரம் என் பின்னாலேயே வந்தான். நான் பூக்காரிகள் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டேன். போய்விட்டான். கஸ்தூரிக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்பினேன். பயந்தவள் போகக் கூடாது என்றில்லை, பயத்தை வைத்துக்கொண்டே போகலாம்.

சாயங்கால ரயிலில் திரும்பினேன். ஆனால் எனக்கு முன்னாலேயே சேதி வந்து சேர்ந்துவிட்டது. சென்ட்ரலில் என்னைப் பார்த்த நம் தெருக்காரர் பஸ் பிடித்து வந்து உன் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் நுழைந்தேன். நீ மூலையில் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாய். "உங்கம்மா போயிட்டாடா, இனிமே வர மாட்டா" என்று பெரியம்மா உன்னிடம் சொல்லியிருந்தாள். ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்தவன் தூங்கிய பிறகும் விடவில்லை. அன்றைக்குப் பிடித்த பிடிதான் உனக்கு இன்னும் விடவில்லையோ என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். போனவள் திரும்பி வர மாட்டாள் என்று உனக்குள் யாரோ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கஸ்தூரி திரும்பி வந்தாள் நைனா. நானும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தேன்.

மறுநாள் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். "மலைக்கு இட்டுகினு போய் சூடம் அடிக்க வையி. இல்லாட்டி இந்த வீட்டுல அவ கையால யாரும் சோறு தின்ன மாட்டோம்." நீ இப்போது சொன்ன அதே வார்த்தை, அதே மலை. உன் அப்பா அண்ணன் எதிரில் தலை நிமிர்ந்து பேசாதவர். சரி என்று தலையாட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கோபத்தில் வேகமாகப் படியேறினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். சூடம் அடித்துத் தொலைத்துவிடலாம் என்று பாதிப் படியில் முடிவு பண்ணினேன். மீதிப் படியில், முடியாது என்று முடிவு பண்ணினேன். கஸ்தூரி சொன்ன அதே காரணம்தான்.

மேலே போய்ச் சூடம் வாங்கினார். ஆனால் சன்னிதிக்குப் போகாமல், ரயில் பாதை தெரிகிற பக்கமாக மதில் ஓரத்தில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கீழே ஒரு ரயில் புகை விட்டுக்கொண்டு அரக்கோணம் பக்கம் போனது. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, "இன்னா பாத்தே?" என்றார்.

யாரைப் பார்த்தே என்று கேட்கவில்லை. என்ன பார்த்தே என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தூண், கிளிக்கூண்டு, ரிக்ஷாக்காரர், பூரி, சுண்டல்காரி, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. பேமிலி ரூமைச் சொன்னபோது சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நான் மாசா மாசம் லுங்கிக் கட்ட எடுத்துகினு மெட்ராஸ் போறேன்" என்றார். "கடையில போட்டுட்டா காலையிலியே வேல முடிஞ்சிடும். சாயங்கால ரயில் வரிக்கும் நான் இன்னா பண்றேன்னு என்னிக்காவது கேட்டுகீறியா?"

"இல்லீங்க."

"ஏன் கேக்கல?"

"ஆம்பள, வேலையா போறீங்க. கேக்கத் தோணல."

அவர் குரலைத் தாழ்த்தி, "ஆர்பர் பக்கம் போயி கப்பல் பாத்துகினு உக்காந்துகினு இருப்பேன். கடலை வாங்கி மென்னுகினு. வேற ஒண்ணும் இல்ல. அங்க என்னை யாரும் தம்பின்னு கூப்பிட மாட்டான், அப்பான்னு கூப்பிட மாட்டான். அண்ணனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது. நீ இப்ப சொன்னது அத்தினியும் நான் சொல்றாப்புல கீது" என்றார்.

எழுந்தார். "நீ இங்கியே இரு" என்று சொல்லிவிட்டுச் சூடத்தோடு சன்னிதிப் பக்கம் போனார். என்னைக் கூப்பிட வருவார் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வந்து, "வா, போலாம்" என்றார். கீழே குளத்தண்டை பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். "சத்தியம் ஆச்சா?" என்று கேட்டார். "ஆச்சுண்ணே" என்றார் உன் அப்பா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் அவருக்குச் சோறு போடும்போது மெதுவாக, "சாமி மலையில போயிட்டு வந்து பொய் சொல்லிட்டீங்களே" என்றேன். அவர் வலது கையைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கையில் சூடத்தின் கரி.

"பொய் இல்ல. சத்தியம் ஆச்சு. நான் பண்ணேன்."

"இன்னான்னு?"

"நீ எங்க போனே, எதுக்குப் போனே, யாரப் பாத்தேன்னு இனிமே கேக்க மாட்டேன்னு."

சாகிற வரைக்கும் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார். வருஷத்துக்கு ஒரு தடவை, சில வருஷம் இரண்டு தடவை, அமாவாசையில் போய்வந்தேன். பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது வீடு இரண்டாயிற்று. அதையும் அவர் தாங்கிக்கொண்டார். சாயங்காலம் உன்னை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவார். நான் இறங்கினதும் மிகவும் அக்கறையாக, "இன்னா, கடலு அங்கியேதான் கீதா?" என்பார். "ஆங், அங்கியேதான் கீது" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. முதல் தடவை கேட்டபோது, சத்தியம் என்ன ஆயிற்று என்று மடக்கினேன். "கடலப் பத்தி கேக்க மாட்டேன்னு சாமிகிட்ட சொல்லலியே" என்றார். நீ என் பையை உதறிக் கிளிஞ்சல் தேடிக்கொண்டிருப்பாய். உனக்கு இதெல்லாம் கொஞ்சமாவது ஞாபகம் இருக்க வேண்டும். கேட்காமல் விட்டதனால் நான் எதையும் மறைக்கவில்லை. வீடு போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுவேன். அன்றைக்குப் பிறகு அவரிடம் பொய் சொல்ல எனக்குத் தேவையே வரவில்லை. கஸ்தூரி உன்னிடம் பொய் சொன்னாள் என்றால், உண்மையைச் சொல்லிப் போக முடியாத வீடாக அது இருக்கிறது என்று பார்.

என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று நீ அழுவாய். கூட்டிப்போகவில்லை. வேறொரு நாள் உன்னை உயிர்க் காலேஜுக்குக் கூட்டிப்போனோம். நீ புலி பார்த்தாய், குரங்கு பார்த்தாய். நான் அன்றைக்குப் பார்த்ததெல்லாம் உன்னைத்தான். தொலைந்துவிடுவாயோ, வெயில் தாங்குவாயோ, சாப்பிட்டாயோ என்று. அதுவும் சந்தோஷம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது வேறு, இது வேறு. உனக்கும் தெரியும். மாதாமாதம் நீயும் நூல் வாங்க மெட்ராஸ் போகிறாய். காலையில் முடிகிற வேலைக்கு ராத்திரிதான் வீடு திரும்புகிறாய். நடுவில் என்ன செய்கிறாய் என்று நானும் கேட்டதில்லை, கஸ்தூரியும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீ தப்பாக ஒன்றும் செய்ய மாட்டாய் என்று எங்களுக்குத் தெரியும்.

கஸ்தூரி அன்றைக்கு எங்கெங்கே போனாள், என்ன சாப்பிட்டாள் என்று என்னிடம் சொன்னாள். உனக்கு எழுத மாட்டேன். அது அவளுடையது. நீ விசாரணை பண்ணாமல் இருந்தால் அவளே சொல்லுவாள். பாதி ராத்திரியானாலும் நிறுத்த மாட்டாள், பார்.

உன் அப்பா போன பிறகு நான் மெட்ராஸ் போகவில்லை. முட்டி வலி என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். முட்டி வலி இருக்கிறதுதான். ஆனால் காரணம் அது இல்லை. போகலாம், நாளெல்லாம் சுற்றலாம். திரும்பி வந்து இந்த ஸ்டேஷனில் இறங்கினால் கேட்க ஆளில்லை. அதை நினைத்தால் கிளம்பவே கால் வரவில்லை. தனியாகப் போகிற சுகம் முழுவதும், திரும்பி வருகிற இடத்தில் ஒருத்தர் நிற்கிறார் என்பதில் இருந்தது. இதை அவர் இருந்தபோது அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வருகிற அமாவாசைக்கு நான் தீர்மானம் பண்ணிவிட்டேன். நானும் கஸ்தூரியும் காலைப் பாசஞ்சரில் போகிறோம். பயப்படாதே, ஒன்றாகச் சுற்ற மாட்டோம். சென்ட்ரலில் இறங்கியதும் அவள் வழி அவளுக்கு, என் வழி எனக்கு. சாயங்காலம் அதே ரயிலில் திரும்புவோம். அவள் அப்பாவுக்கு அமாவாசைப் பயணம் பிடிக்கவில்லை, நான் பேசிக்கொள்கிறேன். இதில் எந்தப் பொய்யும் இல்லை. உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறோம்.

அன்றைக்குத் தறி ஓடாது. நூல் அறுந்தது என்று சொல்ல முடியாது. ஸ்டேஷனுக்கு வா. வராவிட்டால் அவளை நான் திரும்ப அம்மையார்குப்பத்தில் கொண்டுபோய் விட வேண்டும். அந்த பஸ்ஸில் அவளுக்கு என்ன சொல்லுவேன் என்று எனக்குத் தெரியவில்லை. வந்தால், சூடம் வாங்கி வராதே. அவள் இறங்கினதும் எங்கே போனே, யாரைப் பார்த்தே என்று கேட்காதே. உன் அப்பா கேட்டதைக் கேள். வார்த்தை உனக்குத் தெரியும்.

முதலில் அவளிடம் கேள். அவள் பதில் சொன்ன பிறகு, பின்னால் நான் இறங்கி வந்துகொண்டிருப்பேன், முட்டி வலியால் கொஞ்சம் மெதுவாக வருவேன். மனம் வந்தால் என்னிடமும் ஒரு தடவை கேள். யாரும் என்னைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

உன் அம்மா